காலால் பிறந்த நாற்காலி

லண்டன் மாநகரில் மேரிலபோன் ஸ்டேஷனில் ரயில் ஏறி வடமேற்கே சுமார் 30 மைல் சென்றால் ஹை விக்கம் என்ற ஊர் வரும். இங்கிலாந்துக்கு யாத்திரை போகும் நம்மவர்கள் இவ்வூரில் இறங்குவது அபூர்வம். ரயில் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆக்ஸ்போர்டுக்கோ, ஷேக்ஸ்பியர் பிறந்த ஊருக்கோ போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கண்ணைப் பறிக்கும் கோட்டையோ கோபுரமோ அங்கே கிடையாது. இரு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள், நடுவே பள்ளத்தாக்கில் நீண்டு கிடக்கும் ஊர், குன்றுகளின் தலையில் பீச் மரக் காடுகள், அவ்வளவுதான். ஆயினும், நாற்காலி என்னும் வஸ்துவுக்கு இங்கிலாந்தில் ஒரு பிறந்தகம் உண்டென்று யாரேனும் சாதித்தால், அந்தப் பெருமைக்கு உரிமை கொண்டாட இவ்வூருக்கே நியாயம் அதிகம்.

1875 ஆம் ஆண்டு வாக்கில் இங்கே நாள் ஒன்றுக்கு 4,700 நாற்காலிகள் தயாராயின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1877 ஆம் ஆண்டின் கடைசியில் விக்டோரியா ராணி, தம் பிரதம மந்திரி டிஸ்ரேலியை அவருடைய கிராம மாளிகையில் காண்பதற்காக இவ்வூர் வழியே சென்றபோது, ஊரார் நாற்காலிகளையே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீதிக்குக் குறுக்கே ஒரு பெரிய வளைவு எழுப்பி வரவேற்றார்கள். நம் நாட்டில் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் செய்யும் வேலையை அங்கே நாற்காலி செய்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் டில்லியில் தர்பார் கூட்டி அந்த அம்மையாரை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார்கள். அந்தச் சமயத்தில் சென்னை மாகாணத்து ஜனங்கள் தாது வருஷப் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள். இதை நினையாமல் அந்த நாற்காலி வளைவின் படத்தைப் பார்க்க நம்மால் இயலவில்லை. போகட்டும். ஊரின் கால்பந்துக் கோஷ்டிக்கு இன்றைக்கும் 'நாற்காலிப் பையன்கள்' என்றுதான் செல்லப் பெயர்.

இவ்வூரில் பிரசித்தமானது வின்ஸர் நாற்காலி. நம் வீடுகளில் உள்ள சாதாரண நாற்காலியில் பின்னங்கால் இரண்டும் மேலே நீண்டு முதுகுச் சட்டமாகிவிடும். வின்ஸர் அப்படியல்ல. அதற்கு உயிர் நடுவே இருக்கும் கனமான ஆசனப் பலகையில்தான். கால்கள் கீழிருந்து அப்பலகையில் குடைந்த துளைகளில் ஏறும். முதுகுக் குச்சிகள் மேலிருந்து இறங்கும். பலகை எல்ம் மரம். அதை வாய்ச்சியால் செதுக்கி, மனிதன் உட்காரும் இடத்துக்கு ஏற்பப் பள்ளமாக்க ஒரு ஆள். முதுகு வளைவை ஆவியில் வேகவைத்து வளைக்க வேறொரு ஆள். எல்லாவற்றையும் கூட்டிப் பூட்ட மற்றொரு ஆள். கால்களைச் செய்கிறவன் மட்டும் ஊரிலேயே இருக்கமாட்டான். அவன் குன்றின்மேல், காட்டுக்குள் இருந்தான். அவனுக்குப் 'பாட்ஜர்' என்று பெயர்.

2023 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையை நாம் இங்கிலாந்தில் கழித்தோம். நம் தமையனார் ரெடிங் நகரில் 30 ஆண்டுகளாகக் குடியிருக்கிறார். கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து மோட்டாரில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சில்டர்ன் குன்றுகளின் காடுகளை அடையலாம். மே மாதத்தில் அந்தக் காட்டைப் பார்க்க வேண்டும்! பீச் மரங்கள் வழவழப்பான சாம்பல் நிற அடிமரத்தோடு, கிளையின்றி, கோயில் மண்டபத்துத் தூண்கள் போல் உயர்ந்து நிற்கின்றன. அப்போதுதான் விரிந்த இலைகள் இளம் வாழைக் குருத்தின் நிறம். வெயில் அவற்றின் வழியே வடிந்து வருகிறது. தரை முழுவதும் நீல மணிப் பூக்கள் பூத்து, தூரத்திலிருந்து நீர் தேங்கி நிற்பது போல் மயக்குகின்றன.

அந்தக் காட்டின் ஓரத்தில் இளைஞரும் முதியவருமாக ஏழெட்டுப் பேர் கூடிப் பழைய முறையில் மரம் கடையப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாம் முதன் முதலாகக் கழிக் கடைசலை அங்கேதான் கண்டோம்.

நிலத்தில் ஊன்றிய இரண்டு கட்டைகளின்மேல் இரண்டு நீளப் பலகைகள். பலகைகளின் நடுவே இடைவெளி. அதில் நிற்கும் இரண்டு குற்றிகள். ஒவ்வொரு குற்றியிலும் ஓர் இரும்பு முனை. இரு முனைகளுக்கும் நடுவில் கடைய வேண்டிய மரத்தைச் செருகுகிறார்கள். தலைக்கு மேலே, நன்றாக வளைந்து நிமிரக்கூடிய ஒரு நீண்ட இளங்கழி. கழியின் நுனியிலிருந்து ஒரு கயிறு இறங்கி, மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கீழே ஒரு மிதிபலகையில் போய் முடிகிறது. மிதித்தால் மரம் நம்மை நோக்கிச் சுழலும். அப்போது உளி வெட்டும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்க, மரம் எதிர்ப்பக்கமாகச் சுழலும். அப்போது உளியை ஒரு நூல் அளவு பின்வாங்கிக்கொள்ள வேண்டும். மிதி, வெட்டு, விடு, விலகு. இவ்வளவுதான் சூத்திரம். 1568 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் அச்சான, தொழில்களைப் பற்றிய ஒரு படப் புத்தகத்திலும் கடைசல்காரன் இதே கழியின் கீழ்தான் நிற்கிறான்.

இதைப் பார்த்ததும் தமையனார் நம் தோளைத் தட்டி, "தம்பி, இது நம்முடைய மத்து அல்லவா?" என்றார்.

மத்தேதான். கயிற்றை இருபுறமும் மாறி மாறி இழுக்க, மத்து இப்படியும் அப்படியும் சுழன்று தயிர் கடைகிறது. மரக் கடைசலிலும் அதே கயிறு, அதே இரு வழிச் சுழற்சி. தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், இரண்டு தொழிலுக்கும் ஒரே வினைச்சொல் இருக்கிறது. வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது இரண்டையும் வேறு வேறாக எழுதிப் போடுவது வழக்கம். அந்தக் காட்டில் ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் எந்தப் பள்ளிக்கூடப் பையனுக்கும் அது ஒரே பொருள் என்பது விளங்கிவிடும். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் சம்பந்தமில்லாத வேறு வேறு சொற்கள். அந்த விஷயத்தில் நம் பாஷை தொழிலாளியின் அருகில் நின்று பார்த்திருக்கிறது.

நம் அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவர்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்வதை நாங்களிருவரும் சிறு பிராயத்தில் மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். ஒருவர் கயிறு இழுப்பார். மற்றவர் உளி பிடிப்பார். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி, சிவப்பும் மஞ்சளுமாகப் படியும். தமையனாரை அழைத்து ஒரு நாள் கயிற்றைக் கையில் கொடுத்தார் ஒரு முதியவர். பத்து இழுப்புக்குள் பம்பரம் ஒன்று பிறந்துவிட்டது. அந்தப் பம்பரத்தைப் பற்றி 50 ஆண்டுகளாக நாம் கேட்டு வருகிறோம். அங்கே கை இழுக்கிறது. சில்டர்ன் காட்டில் கால் மிதிக்கிறது. நின்றுகொண்டு வேலை செய்கிறவனுக்குக் காலே இரண்டாவது ஆள்.

பாட்ஜரின் வேலை முறையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். காட்டில் நிற்கும் மரங்களை விலை பேசி வாங்குவான். வெட்டிச் சாய்த்து, கால் நீளத்துக்குத் துண்டாக அறுப்பான். துண்டுகளை ரம்பத்தால் பிளப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளப்பான். ரம்பம் நார் ஓடும் திசையை மதிக்காது. நாரை அறுத்துக்கொண்டு போகும். ஆப்போ நார் போன வழியே போகும். ஆகவே பிளந்த மரத்தில் செய்த கால், மேலிருந்து கீழ்வரை அறுபடாத நாருடன் மெல்லியதாக இருந்தும் ஒடியாது. பிறகு கைக்கோடரியால் பக்கங்களைத் தட்டி, மரக்குதிரை போன்ற ஒரு பிடியில் உட்கார்ந்து இருகைக் கத்தியால் சீவி உருண்டையாக்கி, அப்புறந்தான் கடைசலில் ஏற்றுவான். எல்லாம் பச்சை மரம். பச்சை மரம் வெண்ணெய் போல் வெட்டுப்படும். கடைந்த கால்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வேலி போல் நிறுத்தினால், காற்றில் தானே உலரும். குரோஸ் கணக்கில் ஊருக்குள் இருக்கும் நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு விற்றுவிடுவான்.

நீராவி எஞ்சினை உலகத்துக்கெல்லாம் ஏற்றுமதி செய்த தேசத்தில் இந்த மனிதன் எப்படிப் பிழைத்திருந்தான் என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்குத்தான் காரணம். முழு மரத்தைக் குன்றிலிருந்து இறக்குவதற்குக் குதிரையும் வண்டியும் வேண்டும். அந்தப் பாரத்தில் பெரும்பகுதி ஈரமும் பட்டையும் சிராய்த்தூளும். பாட்ஜர் இவற்றையெல்லாம் காட்டிலேயே கழித்துவிட்டுக் கால்களை மட்டும் இறக்கினான். அவனுடைய இயந்திரமோ, இரண்டு இரும்பு முனைகளும் ஒரு கயிறும். மற்றவை காட்டிலேயே முளைத்தவை. இதற்குப் போட்டியாக முதல் போட்டு எஞ்சின் வைப்பது நெடுங்காலம் வரை முதலாளிகளுக்குக் கட்டவில்லை. அவனிடம் அவர்களுக்கு இருந்தது அன்பல்ல, லாபம். லாபம் திசை மாறியவுடன் அவனும் போனான். விசைக் கடைசல்களும் லாரிகளும் வந்தன. சாமுவேல் ராக்கால் என்னும் கிழவர், டர்வில் கிராமத்தருகே தம் குடிசையில் கடைசிவரை கழிக் கடைசல் வைத்திருந்து 1962 இல் காலமானார். கடைசிப் பாட்ஜர்களில் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் ஒரு வேலையை அரைகுறையாக ஒப்பேற்றுவதற்கு 'பாட்ஜ்' என்ற சொல் வழங்குகிறது. இரண்டு சொல்லுக்கும் உறவு உண்டோ இல்லையோ, அந்தக் கால்களின்மேல் உட்கார்ந்துகொண்டே அப்படிப் பேசுவது நமக்கு ரஸமாகப் படவில்லை.

ரெடிங் சர்வகலாசாலை 1951 இல் தொடங்கிய கிராம வாழ்க்கைப் பொருட்காட்சி சாலை தமையனார் வீட்டிலிருந்து நடக்கும் தூரந்தான். பக்கிள்பரி என்ற ஊரில் மூன்று தலைமுறையாக மரக் கிண்ணம் கடைந்த குடும்பத்தின் கடைசி மனிதரான ஜார்ஜ் லெய்லியின் கழிக் கடைசலும், வளைந்த உளிகளும் அந்தக் காட்சி சாலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே எல்ம் கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் கிண்ணங்களைக் கடைந்தெடுப்பது அவருடைய வித்தை. 1958 இல் அவர் இறந்தபோது சிஷ்யன் என்று ஒருவரும் இல்லை. வித்தை அத்துடன் அற்றது. 1990 ஆம் ஆண்டுகளில் ராபின் வுட் என்னும் ஆங்கிலேயர் அந்த உளிகளைத் துருவித் துருவிப் பார்த்து, அவை போல் தாமே அடித்துச் செய்து, அவை எந்தக் கோணத்தில் வெட்டியிருக்கும் என்பதைத் தம் கையாலும் காலாலும் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு அதையே ஜீவனமாக வைத்துக்கொண்டார். கழிக் கடைசல்காரர்களுக்கென்று 1990 இல் ஏற்பட்ட சங்கம் இன்று உயிரோடு இருக்கிறது. நாம் காட்டில் கண்ட கூட்டமும் அந்த அலையைச் சேர்ந்ததே. லெய்லி மட்டும் ஒரு பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் எத்தனை ஆண்டுத் தேடல் மிஞ்சியிருக்கும்!

இவற்றையெல்லாம் பார்த்து வந்த பிறகு தமையனாருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. கழி நடுவதற்கு அவருடைய கொல்லையில் இடமில்லை. கழிக்குப் பதிலாகச் சக்கரம் உள்ள மிதி கடைசல் ஒன்று வேண்டும் என்றார். லியனார்டோ டாவின்சி 1480 வாக்கில் வரைந்து வைத்திருக்கும் ஜாதி அது. மிதிபலகை ஒரு வளைதண்டைச் சுழற்றும். தண்டில் கனமான சக்கரம். சக்கரத்திலிருந்து ஒரு வார் மேலே சென்று மரத்தைச் சுழற்றும். இதில் சுழற்சி ஒரே திசையில் ஓயாமல் நடக்கும். உளி விலக வேண்டியதில்லை. நம் வீட்டுத் தையல் மிஷினை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் வியாக்கியானம் தேவையில்லை. ருஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்குக் கடைசல் பைத்தியம் உண்டு. பொழுதுபோக்காகத் தந்தம் கடைவார். பாட்ஜர் வயிற்றுக்குக் கடைந்தான். தமையனார் இவ்விரண்டு வகுப்பிலும் சேராதவர். அவர் ஒரு பம்பரத்தின் பாக்கியைத் தீர்க்க விரும்பினார்.

சில நாளில் ஓர் ஏல விளம்பரம் வந்தது. குன்றுகளின் அடிவாரத்தில் ஒரு பண்ணை வீட்டுக் களஞ்சியத்தைக் காலி செய்கிறார்கள். சாமான்களில் 'பழைய மிதி கடைசல், பழுது' என்று ஒரு வரி. போய்ப் பார்த்தோம். வைக்கோலுக்கும் கோழி எச்சத்துக்கும் நடுவே அது நின்றது. செய்தவர் பெயர் பொறித்த தகடு எப்போதோ கழன்று போய், இரண்டு திருகுத் துளைகள் மட்டும் மிச்சம். வார்ப்பிரும்புக் கால்கள், அடியில் 24 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரம், மேலே பீச் மரப் படுகைகள் இரண்டு. படுகையில் வண்டரித்த துளைகள். தலைக்கட்டையின் அச்சு அசையவே இல்லை. மிதிபலகையைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டைக் காணோம்.

எங்களைத் தவிர அதன்மேல் கண் வைத்தவர் ஒருவரே. அவர் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். மேல்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, காலும் சக்கரமும் உள்ள அடிப்பாகத்தின்மேல் ஒரு பீங்கான் தொட்டியை வைத்தால் விருந்தினர் கை கழுவ அழகாயிருக்கும் என்று தம் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மேல்நாடுகளில் பழைய தையல் மிஷின்கள் பலவற்றுக்கு இந்தக் கதிதான். நம் ஊர்களிலும் ஆட்டுக்கல் பூந்தோட்டத்து அலங்காரமாகி வருகிறது; ஆகையால் அவரை ஏசுவதற்கு நமக்கு வாயில்லை. ஏலம் 40 பவுனில் தொடங்கியது. 100 வரை அவர் சளைக்காமல் ஏறினார். 120 இல் மனைவி அவர் சட்டையை இழுத்தார். 130 பவுனுக்குத் தமையனார் பேரில் சுத்தியல் விழுந்தது.

வீட்டில் மதினியார் அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். "தம்பி ஊருக்குப் போவதற்குள் இது ஓடினால் இருக்கட்டும். ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரன் வருவான்" என்று தீர்ப்புச் சொன்னார். நம்முடைய விடுமுறையில் அப்போது பாக்கி இருந்தது 19 நாள்.

துரு நீக்குவதற்குச் சுரண்டுவதைவிட நல்ல உபாயம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த உறுப்பை அதில் அமிழ்த்தி, மோட்டார் பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவியின் எதிர்முனையை அதனோடு இணைக்க வேண்டும். நேர்முனையை ஏதேனும் ஒரு வேண்டாத சாதாரண இரும்புத் தகட்டோடு இணைத்து, இரண்டும் தொடாமல் தொங்கவிட வேண்டும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வரை வைக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். மின்சாரம் பாய்ந்ததும் உறுப்பைச் சுற்றிக் குமிழி கிளம்பும். அது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் என்பதால் வேலையைத் திறந்த வெளியில் செய்தல் நலம். ஓரிரவு சென்றபின் எடுத்துப் பார்த்தால் துரு கறுத்த சேறு போல் துடைத்த மாத்திரத்தில் வந்துவிடும். நல்ல இரும்பு தேயாமல் நிற்கும்.

அச்சுக்கு இந்த வைத்தியம் பலிக்கவில்லை. அதன் நோய் துருவல்ல. பழைய எண்ணெய் இறுகி அரக்காகிவிட்டது. ஐந்து நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இளஞ்சூடு காட்டி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினோம். ஆறாம் நாள் காலையில் தமையனார் வெறும் விரல்களால் திருப்ப, அது எவ்விதச் சத்தமும் இன்றிச் சுற்றியது. அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்திருந்தால் 130 பவுன் என்ன, இன்னும் ஒரு மடங்கு கொடுத்திருக்கலாம் என்று மதினியாரே சொல்லியிருப்பார்.

திருகுகள் வேறு சங்கடம். ஜோஸப் விட்வொர்த் என்ற பொறியாளர் 1841 இல் வகுத்த இழைக் கணக்குத்தான் பழைய ஆங்கில இயந்திரங்களில் இருக்கும். அதன் புரியின் கோணம் 55 பாகை. இன்றைய மில்லிமீட்டர்த் திருகுக்கு 60 பாகை. பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் கெடும். பக்கத்து வீட்டில் குழாய் வேலை செய்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயக் கிழவர் ஒருவர், தம் தகப்பனார் காலத்துப் பிஸ்கோத்து டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினார். வேண்டிய திருகுகளில் இரண்டைத் தவிர யாவும் அதில் கிடைத்தன. காணாமற்போன தண்டுக்கு ஆஷ் மரத்தில் புதிது செய்தோம். வண்டரித்த படுகையில் ஓர் அங்குலந்தான் சேதம். அதை வெட்டி எறிந்து ஒட்டுப் போட்டோம். வாருக்கு உருண்டைத் தோல்வார். தையல் மிஷின் வாருக்குத் தடித்த அண்ணன். இரண்டு நுனியையும் கம்பிக் கொக்கியால் இணைக்க வேண்டும். தோல் நீளும், நீள நீளச் சிறிது வெட்டி மறுபடியும் இணைக்க வேண்டும்.

குழாய்க்காரக் கிழவர் மிகுந்த பரிவோடு ஒரு யோசனை சொன்னார்: "ஒரு சிறிய மின்சார மோட்டாரை வைத்துவிட்டால் காலுக்கு வேலையில்லையே?" தமையனார் பதில் சொல்லாமல் மிதிபலகையைத் தூக்கிக் காட்டினார்.

அந்தப் பலகையைப் பற்றித்தான் எங்களிருவருக்கும் முன்னமே விவாதம் நடந்திருந்தது. இரு நுனியும் உளுத்துவிட்டன. மாற்றிவிடலாம் என்பது நம் கட்சி. ஆனால் அதன் இடப்பக்கத்தில், உள்ளங்கால் அளவுக்கு ஒரு பள்ளம். உளியால் செய்ததல்ல, பூட்ஸ் காலால், ஆண்டுக்கணக்காக மிதித்து மிதித்துத் தேய்ந்தது. நாம் விரலால் தடவிப் பார்த்தோம். பெருவிரலுக்குக் கீழே ஆழம் அதிகம். குதிகால் பக்கம் தேய்வே இல்லை. ஆகவே அந்த மனிதன் முன்பாதத்தால் மிதித்தவன். பள்ளம் தலைக்கட்டைக்கு அருகே இருப்பதால், அவன் பெரும்பாலும் கடைந்தவை குட்டையான சாமான்கள். உளிக்கும் அரத்துக்கும் கைப்பிடிகளாக இருக்கலாம். பெயரில்லை, தேதியில்லை, இவ்வளவு மட்டும் பலகையில் எழுதியிருக்கிறது. உளுத்த நுனிகளை மாத்திரம் வெட்டிப் புது மரம் இணைத்தோம். பள்ளம் இருந்தபடி இருக்கிறது.

பதினான்காம் நாள் வாரைப் பூட்டி மிதித்தோம். தையல் மிஷினை முதன் முதலாகத் தொடும் குழந்தைக்கு நேர்வதே எங்களுக்கும் நேர்ந்தது. வளைதண்டு நேர் மேலேயோ நேர் கீழேயோ நின்றுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் நகராது. கையால் சக்கரத்தைத் தள்ளிவிட வேண்டும். சற்றுத் தாமதித்து மிதித்தால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். உளி அப்போது மரத்தில் சிக்கி, மரம் முனையிலிருந்து கழன்று கொல்லையில் பறக்கும். இரண்டு நாள் அப்படிப் பறந்தது. மிதிப்பது பலத்தால் ஆகும் காரியமன்று. தண்டு உச்சியைத் தாண்டிய கணத்தில் கால் இறங்க வேண்டும். சக்கரம் தன் கனத்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இடுப்புக்குக் கீழே ஓட்டம். இடுப்புக்கு மேலே அசைவற்ற நிலை. ஒற்றைக் காலில் நின்றபடி இதைச் செய்ய வேண்டும். நடனம் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்தி பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் வந்திருக்கும்!

வேகக் கணக்கு சுலபம். சக்கரம் 24 அங்குலம், மேல் கப்பி 4 அங்குலம்; ஒரு மிதிக்கு ஆறு சுற்று. நிமிஷத்துக்கு 80 மிதி மிதித்தால் 480 சுற்று. மின்சாரக் கடைசல் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அநாயாசமாகச் சுற்றும். ஆனால் மோட்டார் உளியின் மழுங்கலை மறைத்துவிடுகிறது. முனை தேய்ந்திருந்தாலும் பிய்த்துக்கொண்டு போகும். மிதி கடைசலில் உளி சற்று மழுங்கினால் அடுத்த கணமே முழங்காலுக்குத் தெரியும். தமையனார் முதல் நாள் முழுதும் கால் வலிக்கிறது என்றார். குழாய்க்காரக் கிழவர் உளியை வாங்கிச் சாணைக்கல்லில் பத்து நிமிஷம் தீட்டிக் கொடுத்தார். கால் வலி போய்விட்டது. மரம் சுருள் சுருளாக, நாடா போல் உரிந்து அவருடைய கைமேல் விழுந்து தோளுக்கு ஏறியது.

பதினேழாம் நாள் என்ன கடைவது என்ற கேள்வி வந்தது. பம்பரம் என்று நாம் எதிர்பார்த்தோம். தமையனார் ஸிக்கமோர் மரத்துண்டு ஒன்றை எடுத்தார். அந்த மரத்துக்கு மணமும் சுவையும் இல்லை. பாலிலும் வெண்ணெயிலும் எதையும் ஏற்றாது. அதனால் இங்கிலாந்தின் பால் பண்ணைகளில் பழைய கிண்ணங்களும் வெண்ணெய் அச்சுகளும் பெரும்பாலும் அந்த மரத்தில் செய்யப்பட்டன. நீண்ட கைப்பிடி, அதன் நடுவே கயிறு வழுக்காமல் இருக்க மூன்று வரை, நுனியில் ஒரு மொட்டு. மொட்டை மட்டும் கடைசலிலிருந்து இறக்கி, ரம்பத்தாலும் கத்தியாலும் ஆறு பிளவாக வகுந்தார். ஒரு முழு நாள் பிடித்தது.

மதினியார் மத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் பானையில் தயிரை ஊற்றி, நிலைப்படியருகே உட்கார்ந்து, கயிறு போட்டு இழுத்தார். சற்று நேரம் சலசலவென்ற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தலையை நிமிர்த்தி, "தலை கனம் அதிகம். பிடி இரண்டு அங்குலம் குறைய வேண்டும். இன்னொன்று செய்யுங்கள்" என்றார்.

இன்னும் இரண்டு நாள் இருந்தன. தமையனார் மிதிபலகையின் பள்ளத்தில் காலை வைத்தார். நாம் மரத்தைப் பிளக்க ஆப்பை எடுத்தோம்.